கேன்டீன் கார்டு இருக்கிற வீடு

மண்ணூர்பேட்டையில் படையில் இருப்பவர்களின் குடும்பங்கள் எத்தனை என்று கேட்டால் நம்மில் ஒருவராலும் சொல்ல முடியாது. எந்த வீட்டில் கேன்டீன் கார்டு இருக்கிறது என்று கேட்டால் உடனே கைகாட்டுவோம். அந்த வீட்டுக்காரர் எந்த ரெஜிமென்ட், இப்போது எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது லீவில் வந்தார், பிள்ளை எத்தனாவது படிக்கிறது, மாமியாருக்கு மருந்து வாங்கித் தருவது யார் என்று நாம் விசாரித்ததில்லை. ரம் கிடைக்குமா, மிக்ஸி விலை குறைச்சலாக வருமா என்று மட்டும் தவறாமல் விசாரித்திருக்கிறோம். அவர் லீவில் வந்து இறங்கிய மறுநாளே கதவைத் தட்டியிருக்கிறோம். ஒரு குடும்பத்தை நாம் அறிந்து வைத்திருந்தது இவ்வளவுதான்.

மற்ற ஊர்களைவிட நம் குற்றம் பெரியது. படை நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. சி.டி.எச். சாலையில் மேற்கே போனால் ஆவடி. 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1965 கடைசியில் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. படைவீரர்களின் சீருடையை அதே ஊரில் ஓ.சி.எஃப். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறார்கள். விமானப்படை நிலையமும் சி.ஆர்.பி.எஃப். குரூப் சென்டரும் அங்கே இருக்கின்றன. கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் நாம் ஏறுகிற மின்சார ரயில்களில் சில பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரை போகின்றன. ஆவடிக்கு வேண்டிய பாகங்களை லேத்தில் கடைந்து அனுப்பிய பட்டறைகள் நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உண்டு. பல வீடுகளுக்குச் சம்பளமும் தீபாவளி போனஸும் அந்த வழியாக வந்திருக்கிறது. டாங்கிக்குப் பாகம் செய்யத் தெரிந்த நமக்கு, அதற்குள் உட்கார்ந்திருப்பவரின் மனைவி நம் மாடியில் குடியிருப்பது தெரியவில்லை.

தெரிந்தபோதும் நாம் நடந்துகொண்ட விதம் சரியில்லை. கணவர் ஃபீல்டு போஸ்டிங்கில் போனால் குடும்பத்தை உடன் அழைத்துப் போக முடியாது. குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் வாடகைக்கு வீடு தேடி வருகிறார்கள். கைக்குழந்தையும் ஸ்கூல் போகிற பிள்ளையுமாக வந்து நிற்கிற பெண்ணிடம் நாம் முதலில் கேட்பது, "வீட்டுக்காரர் கூட இல்லையாம்மா?" அடுத்த வாக்கியம், "ஆம்பளத் துணை இல்லாதவங்களுக்கு விடறதில்லம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க." அந்தக் கணவர் நாட்டுக்காக நிற்கிறார் என்பதைக் குடியரசு தினத்தன்று கைதட்டி ஒப்புக்கொள்கிற அதே வாய் இதைச் சொல்கிறது. வீடு கொடுத்தவர்களும் வாடகையைச் சரியாக வாங்கினார்கள். மோட்டார் ரிப்பேர் ஆனபோது மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லைப் போஸ்ட்டில் டவர் கிடைப்பது எந்த நேரம் என்பது கணவர் கையில் இல்லை. இரவு பதினொன்றுக்குக் கிடைத்தால் அப்போதுதான் பேச முடியும். குழந்தை விழித்துக்கொள்ளும் என்று மனைவி பால்கனிக்கு வந்து பேசுவாள். அந்தப் போன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நம் வீடுகளில் என்னென்ன பேசினோம் என்று நமக்குத் தெரியும். காலையில் குழாயடியில் அவளிடம், "ராத்திரி ரொம்ப நேரம் போன்ல போல" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். "அவர் ஃபீல்டுல இருக்காருக்கா, டவர் கிடைக்கிறப்பதான் பேச முடியும்" என்று தன் கணவனோடு பேசியதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நம் புறக்கணிப்பிலேயே மிகக் கொடியது இதுதான் என்று நினைக்கிறேன். உதவாமல் இருந்ததைக்கூட மன்னிக்கலாம். துணையின்றி இருந்தவளைச் சந்தேகித்ததை மன்னிப்பது கடினம்.

ஒரு ஜவானுக்கு ஆண்டில் 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் சிறுவிடுப்பு என்பது கணக்கு. அதுவும் யூனிட்டின் நிலைமையைப் பொறுத்தது. அழைப்பு வந்தால் பாதியில் பெட்டி கட்ட வேண்டும். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையன்களுக்கு ஆண்டுக்கு 30 நாள்தான். அம்மாவின் கண் ஆபரேஷன், தங்கை கல்யாணம், நிலத்துக்குப் பட்டா மாற்றுவது என்று வீட்டின் அத்தனை காரியமும் அந்தச் சில வாரங்களுக்குள் அடங்கியாக வேண்டும். அடங்காததெல்லாம் வீட்டில் இருக்கிற பெண்ணின் தலையில் விழும்.

காகிதங்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் அது வீரரின் பணிப் பதிவில் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஏற வேண்டும். ஏறினால்தான் மனைவிக்கு மருத்துவம், டிப்பென்டென்ட் கார்டு, பின்னால் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் சிக்கலில்லாமல் நடக்கும். நம் பெயர்களோ இனிஷியலோடு நடப்பவை. ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னோர் எழுத்து, படைப் பதிவில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீட்டி எழுதப்பட்டிருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் பதிவு அலுவலகம் வெலிங்டனில், பீரங்கிப் படை என்றால் நாசிக்கில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில். அங்கிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவாள். ஆவடித் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் இதே தெருக்களில் மாலை வாக்கிங் போகிறார்கள். அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்லி பதில் எழுதித் தர அவர்களுக்கு அரைமணி நேரம் போதும். அவளாகக் கேட்கவில்லை என்று சொல்லலாம். கேட்கிற அளவுக்கு நாம் பழகவில்லை என்பதே உண்மை.

சட்டமும் அரசும் ஒன்றும் செய்யவில்லை என்று பழியைத் தள்ளிவிடவும் வழியில்லை. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; இப்போது பணியில் இருக்கிற வீரரின் குடும்பமும் அங்கே போகலாம். மாவட்டப் படைவீரர் வாரியத்துக்குக் கலெக்டரே தலைவர். நம் அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது, ஆவடி இன்னும் திருவள்ளூரில். எந்த ஆபீசுக்குப் போவது என்று குழம்புகிற குடும்பத்துக்கு இந்த ஒரு வரியையாவது நாம் சொல்லியிருக்கலாம்.

1925ஆம் ஆண்டு முதலே ஒரு சட்டம் இருக்கிறது, இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம். போர்முனையிலோ எல்லையிலோ சிறப்பு நிலைமையில் பணியாற்றும் வீரர் ஒருவர் சிவில் வழக்கில் சம்பந்தப்பட்டு, அவருக்காக ஆஜராக ஆளில்லாமல் இருந்தால், அந்த வழக்கை நீதிமன்றம் ஒத்திவைக்க வேண்டும். இப்படி ஒருவர் இருக்கிறார் என்று கலெக்டரே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கலாம். ஊரில் பங்காளி வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்ற செய்தி எல்லையில் இருப்பவனை எப்படித் தின்னும் என்று படையில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நூறாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயன் ஆண்டபோதே இது புரிந்து சட்டம் வந்தது. 2025 ஜூலை 26 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் ஸ்ரீநகரில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. படைவீரர் வாரியங்கள் வழியாக அந்தக் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி தருவது அதன் நோக்கம். இவையெல்லாம் இருக்கின்றன. அந்த வீட்டு வாசல் வரை இவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களான நாம்.

நாம் எப்போது வந்தோம்? வீரர் இறந்த பிறகு வந்தோம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவு 19ஆம் மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. அதில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். அப்போது மெழுகுவர்த்தி ஏற்றினோம். 2019இல் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் இறந்தார்கள், தூத்துக்குடி மாவட்டத்துச் சுப்பிரமணியனும் அரியலூர் மாவட்டத்துச் சிவச்சந்திரனும் அவர்களில் இருவர். பேனர் கட்டினோம். அவர்கள் உள்துறையின் கீழ் வருகிற படை, 2004க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பதைப் பேனர் கட்டிய நம்மில் எத்தனை பேர் தெரிந்துகொண்டோம்? குரூப் சென்டர் ஆவடியில் இருக்கிறது. அந்தப் படையின் குடும்பங்கள் நம் பேருந்துகளில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகின்றன.

கல்வானில் 2020 ஜூன் 15 இரவு இறந்த ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். ஊரில் ஆசையாய்க் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அவரால் வர முடியவில்லை. இறந்த பிறகுதான் இது நமக்குத் தெரியவந்தது. படித்ததும் அழுதோம். கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாத இன்னொரு பழனி நம் பகுதியில் இருக்கிறாரா என்று அந்த அழுகைக்குப் பின்னாவது நாம் தேடவில்லை. தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் உயிர் துறந்தார். அடுத்த குடியரசு தினத்தில் அசோக சக்ராவை அவர் மனைவி இந்து வாங்கியதை டி.வி.யில் பார்த்தோம். 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தபோது தியேட்டரில் விம்மினோம். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தியேட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அப்படியொரு குடும்பம் இருந்திருக்கும். யாரும் போய் நிற்கவில்லை.

பாகிஸ்தானோடு மோதல் நடந்த 2025 மே மாதம் 7ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை நாடு முழுக்கச் செய்திச் சேனல் முன்னால் உட்கார்ந்திருந்தது. லீவில் வந்தவர்களைத் திரும்ப அழைத்தார்கள். 10ஆம் தேதி மாலை கடற்கரைச் சாலையில் முதலமைச்சர் தலைமையில் பேரணி நடந்தது. நம் பகுதியிலிருந்தும் போனார்கள், மற்றவர்கள் ஸ்டேட்டஸில் கொடி வைத்தார்கள். எந்தச் சேனல் எந்த ஊரைப் பிடித்ததாகச் சொல்கிறது என்று டீக்கடையில் வாக்குவாதம் நடந்தது. பதான்கோட்டிலோ பூஞ்சிலோ கணவன் பணியில் இருந்த பெண் அந்த நாலு ராத்திரியும் டி.வி.யைப் போடாமல் போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அவளோடு போய்ப் படுத்துக்கொள்ள ஒரு பெண்ணை நாம் அனுப்பவில்லை. ஒரு வேளைச் சோறு கொடுத்தனுப்பவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கம் படகோடு வந்து ஜனங்களைத் தூக்கிக் காப்பாற்றியது இதே ராணுவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் தொழிற்பேட்டையும் கொரட்டூர் ஏரியைச் சுற்றிய தெருக்களும் மூழ்கிக் கிடந்தன. தரைத்தளத்தில் வயதான மாமியாரோடும் பிள்ளைகளோடும் தனியாக இருந்த ராணுவக் குடும்பம் எது என்று அன்று நம் நலச்சங்கத்தின் கையில் ஒரு பட்டியல் இருந்திருந்தால், முதல் படகை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்கும்.

வீரரின் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது நம் மரபிலேயே இல்லாத ஒன்று என்றால் ஆறுதல் கொள்ளலாம். செங்கம் பக்கத்து நடுகற்களில் போரில் பட்டவனுக்குக் கல் நட்ட செய்தியோடு, அவன் குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தியும் வருகிறது. உதிரப்பட்டி என்று அந்த நிலத்துக்குப் பெயர். அந்தக் காலத்து ஊர் கல்லோடு நின்றுவிடவில்லை. மிச்சம் இருக்கிறவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்றும் யோசித்தது. வெளியிலும் இது நடந்திருக்கிறது. 1885இல் பிரிட்டிஷ் படை எகிப்துக்குக் கப்பலேறியபோது, ஜேம்ஸ் கில்டி என்ற அதிகாரி வீரர்களின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள முன்வாருங்கள் என்று டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்த சங்கம் இன்றும் இயங்குகிறது. வீடு வீடாகப் போய்ப் பார்த்த தன்னார்வலர்கள்தான் அதைத் தாங்கி நடத்தினார்கள்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்டதோடு நம் கடமை முடிந்தது என்று வளர்ந்தோம். அந்தப் பணம் தேவை, போடுங்கள். ஆனால் இந்த முறை அந்த நாள் வருவதற்குள் மண்ணூர்பேட்டையின் ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர், முடிந்தால் ஒரு பெண், அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு பக்கத்து வீட்டு நம்பர்களைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நலச்சங்கங்கள் தங்கள் அறிவிப்புப் பலகையில் சென்னை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகவரியையும், கலெக்டர் ஆபீசில் படைவீரர் குடும்பங்களுக்கான குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் தேதியையும் எழுதி வைக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்களே, அடுத்த முறை கையில் குழந்தையோடு ஒரு ஜவானின் மனைவி வந்து நின்றால் வீட்டைக் கொடுங்கள். இனிமேல் யாரும் அந்தக் கதவைப் பாட்டிலுக்காகத் தட்டாதீர்கள்.