ஊவாவுக்கென்று ஒரு சீஸ் வேண்டும்

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் ரயில் நானுஓயாவைத் தாண்டியதும் அம்பேவெல வருகிறது. நாடறிந்த பாற்பண்ணை அங்கேதான் இருக்கிறது. அடுத்தது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள அதுதான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். பிறகு ஒரு சுரங்கம் வருகிறது. அதன் மறுவாயிலில் வெளிச்சம் விழும்போது ரயில் ஊவாவுக்குள் வந்துவிடுகிறது.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் அம்பேவெல, கொத்மலை என்று ஊர்ப் பெயர்களே பால் பெட்டியிலும் சீஸ் பொதியிலும் அச்சாகி நாடு முழுக்கப் போகின்றன. இந்தப் பக்கமும் மாடு உண்டு, குளிர் உண்டு, புல் உண்டு. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல் இருக்கிறது, பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஆனால் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க ஊவாவுக்கென்று ஒரு சீஸ் இல்லை. பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் லயத்துக்குப் பின்னால் கொட்டில் கட்டி ஒன்றிரண்டு மாடு வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். கொழுந்தெடுத்துவிட்டு வரும்போதே தலையில் ஒரு கட்டுப் புல்லும் வந்து சேரும். கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும், அந்த வீட்டுப் பிள்ளைகளின் தேத்தண்ணிக்குப் பால்மா வரும்.

சீஸ் என்றதும் இன்று பெரும்பாலானோருக்கு நினைவு வருவது கொத்துதான். பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் இரவில் தகடு அடிக்கும் சத்தத்தோடு சீஸ் கொத்து தயாராகிறது. அதில் விழுவது பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் கண்டறிந்த முறை அது. சீஸை சிட்ரேட் உப்போடு சூடாக்கி உருக்கி மறுபடி இறுகவிட்டால் வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் எளிதில் கெடுவதில்லை. தகர டப்பாவில் க்ராஃப்டும், வட்டப் பெட்டியில் முக்கோணத் துண்டுகளும் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். கொத்துக்கு அது மிகப் பொருத்தம். முதிர்ந்த செடார் சூடான தகட்டில் எண்ணெயைக் கக்கிப் பிரிந்துவிடும், பதப்படுத்திய சீஸோ பிரியாமல் குழைந்து ரொட்டித் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கொத்தில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு சீஸின் கதை முடிந்தது என்று நினைப்பதுதான் இழப்பு.

இலங்கையில் அதைவிடப் பழைய சுவை ஒன்று பறங்கியர் வீடுகளில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலையில் புரூடர் என்ற இனிப்பு ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, சிவப்பு மெழுகுத் தோல் போர்த்திய ஈடம் சீஸின் ஒரு மெல்லிய சீவலை வைத்து, வாழைப்பழத்தோடு உண்பார்கள். உப்புச் சீஸும் இனிப்புப் பழமும் ஒரே வாயில் சேர்வதுதான் அதன் சிறப்பு.

இந்தச் சேர்க்கையைத் தேடி ஹப்புத்தளை மக்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை 1960களிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. அங்கே விற்கும் ஜாம், கோர்டியல், கொய்யா ஜெலி ஆகியவற்றை வாங்கவே பலர் மலையேறுகிறார்கள். பிரேசிலில் கெட்டியாகக் காய்ச்சிய கொய்யாப் பாகையும் வெள்ளைச் சீஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சாப்பிடுவது நாட்டுப் பலகாரமே ஆகிவிட்டது. ரோமியோ ஜூலியட் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டில் ஒன்று அடிசம் கடையில் ஏற்கெனவே போத்தலில் இருக்கிறது. பெங்களூரில் அதே பெனடிக்ட் மரபைச் சேர்ந்த துறவிகள் வாலொம்ப்ரோசா என்ற பெயரில் மொஸரெல்லாவும் ரிக்கோட்டாவும் செய்து விற்கிறார்கள். துறவு மடமும் சீஸும் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு உறவு கொண்டவை. ஹப்புத்தளையில் அந்த உறவு தொடங்க இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

சீஸ் வெள்ளைக்காரத் துரைமாரின் தின்பண்டம், தோட்டத்து ஆட்களுக்கு அது எதற்கு என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பதில் டார்ஜிலிங்கில் கிடைக்கும். அங்கே தேயிலை மலைகளில் வேலை செய்யும் நேபாளிக் குடும்பங்களுக்குச் சுர்ப்பி என்ற சீஸ் அன்றாட உணவு. மோரைக் காய்ச்சித் திரட்டிப் பிழிந்தெடுப்பது அது. ஈரப்பதமான சுர்ப்பியைக் காட்டுக் கீரையோடு வதக்குவார்கள், மிளகாயோடு அரைத்துத் துவையலாக்குவார்கள். காயவைத்துக் கல்லாக இறுகிய துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள், கரைய மணிக்கணக்கு ஆகும். பக்கத்துக் கலிம்போங்கில் சுவிஸ் பாதிரிமார் தொடங்கிவைத்த சீஸ் இன்று அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. நீலகிரியும் தேயிலை மலைதான், அங்கே நம் உறவினர் பலர் குடியேறியும் இருக்கிறார்கள். இந்தித் திரைப்பட இயக்குநர் மன்சூர் கான் மும்பையை விட்டுக் குன்னூருக்கு வந்து தன் பண்ணை மாட்டுப் பாலில் சீஸ் செய்கிறார், வருவோருக்குக் கற்றும் கொடுக்கிறார். தேயிலை விளையும் உயரமும் சீஸ் முதிரும் குளிரும் ஒத்துப்போகும் என்பதற்கு இவ்வளவு சாட்சி போதும்.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது புதுச் சீஸ். இரண்டு லீற்றர் பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பைத் தணித்து, தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பால் திரிந்து தெளிநீர் பிரியும். மெல்லிய துணியில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, உப்புத் தூவி, முடிச்சுப் போட்டு அம்மிக்கல்லின் கீழே ஒரு மணி நேரம் வைத்தால் கால் கிலோவுக்குச் சற்று மேல் கட்டி கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டக் கூடாது. ரொட்டிக்கு மாப் பிசைய அதுவே நல்லது.

இப்படிப் புளியில் திரிந்த சீஸ் சூட்டில் உருகாது. அதனால் விரல் தடிப்பில் வெட்டி, ரொட்டிக் கல்லில் துளி எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டலாம். கூட வைக்க வேண்டியது கட்டச் சம்பல். கொச்சிக்காயின் உறைப்பும் மாசியின் வாசனையும் தேசிக்காயின் புளிப்பும் பாலின் மென்மையோடு மோதும்போது தேங்காய் ரொட்டிக்கு இதைவிடச் சிறந்த துணை தேடுவது கடினம். குரக்கன் ரொட்டியானால் இடித்த மிளகும் கறிவேப்பிலையும் தாளித்து உதிர்த்த சீஸ் இன்னும் நன்றாக இருக்கும். முதிர்ந்த சீஸ் கையில் கிடைத்தால் அதைச் சமைக்கவே வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்பே எடுத்து வைத்துவிட்டால் அதன் மணம் தானாக வெளிவரும்.

பக்கத்தில் ஒரு கோப்பை பிளேன் டீ இருக்கட்டும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு குளிர்ந்த, கிட்டத்தட்ட மெந்தோல் போன்ற நெடி ஏறும். உலகச் சந்தை ஊவாவைத் தனியாக மதிப்பது அந்த மாதங்களின் கொழுந்துக்காகத்தான். அந்தச் சாயத்தின் துவர்ப்பை அடக்கத்தான் பால் ஊற்றுகிறோம், பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. சீஸில் இருப்பதும் அதே புரதம். ஒரு துண்டு சீஸைக் கடித்துவிட்டுச் சீனியில்லாத சாயத்தை ஒரு மிடறு குடித்தால் துவர்ப்பு வாயிலேயே தணிந்து மணம் மட்டும் நிற்கும். நல்ல ஊவாத் தேயிலையைக் கெடுக்காமல் அதோடு சாப்பிடக்கூடிய உணவுகளில் இதற்கே முதலிடம்.

சுவையைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 31 சதவீதத்துக்கும் மேல். முப்பது கிராம் செடாரில் ஏழு கிராம் புரதமும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கல்சியமும் உண்டு. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபா ஆனபோது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. தன் மாட்டின் பாலை விற்றுவிட்டு அந்தப் பொதியை வாங்க வேண்டிய வீட்டில், வாரத்துக்கு இரண்டு லீற்றராவது பிள்ளைகளுக்காகச் சீஸாகத் தங்குவது பெரிய காரியம்.

விற்பனைக்கென்று செய்வதில் சிக்கல் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குப் பத்து லீற்றர் மாட்டுப் பால் போகும், முதிர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பால் காசை நம்பி மளிகைக் கணக்கு வைத்திருக்கும் குடும்பத்தால் அது முடியாது. பாலின் சுத்தம், குளிரூட்டல், உறைமோர் விலை என்று ஒவ்வொன்றும் தனித் தடை. ஆகவே முதலில் முதிராத வகைகளைத்தான் தொட வேண்டும். 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஒரு பீடம் இருக்கிறது. தோட்டப் பெண்களுக்கு அங்கே ஒரு குறுகிய கால வகுப்பு நடத்துவது பெரிய செலவல்ல.

சந்தையும் காலடியில்தான் இருக்கிறது. ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க எல்லவுக்கு வரும் வெளிநாட்டார் அங்குள்ள கடைகளில் பீட்சா கேட்கிறார்கள். இத்தாலியின் கம்பானியாவில் மொஸரெல்லாவுக்கு மிக உயர்வாக மதிக்கப்படுவது எருமைப் பால். பசும்பாலைவிட அதில் கொழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. எல்லவிலிருந்து இறங்கும் வீதி போய்ச் சேரும் வெல்லவாயவும் அதைத் தாண்டிய புத்தளவும் எருமைத் தயிர்ச் சட்டிக்குப் பெயர்போனவை. மொஸரெல்லாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. காலையில் கறந்த பாலை உறையவிட்டு, வெந்நீரில் இழுத்துத் திரட்டினால் அன்று மாலையே எல்லவில் தட்டுக்கு வந்துவிடும், காசும் அன்றைக்கே கைக்கு வரும்.