நாய்க்கு இடம் இருக்கு, ஊர்ப் பிள்ளைங்களுக்கு?

போன நவம்பர்ல ஆபீஸ் நண்பன் ஒருத்தனோட வடக்கு வேல்ஸ் போயிருந்தேன். அவன் லாப்ரடாரும் கூடவே. கோடையில அங்க பல பீச்சுல நாய்க்குத் தடை, அதனாலதான் குளிர்ல போனோம். அபெர்சோக்ங்கிற கடலோர கிராமத்துக்குப் பக்கத்துல, நாயோட வரலாம்னு போட்டிருந்த ஒரு காட்டேஜ். வாசல்லயே தண்ணிக் கிண்ணம், கால் துடைக்கத் துண்டு. சென்னையில பேச்சிலருக்குக்கூட இந்த மரியாதை கிடையாதுங்க :-)

ஊருக்குள்ள நடந்தா பல வீடு பூட்டிக் கிடக்கு. எல்லாம் லீவுக்கு மட்டும் வர்றவங்களோடது. விலையோ உள்ளூர் சம்பளத்துக்கு எட்டாத உயரம். வெல்ஷ் மொழியில பாடம் நடந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை, பிள்ளைங்க குறைஞ்சதுன்னு 2021 டிசம்பர்ல மூடிட்டாங்க.

வேல்ஸ் அரசும் சும்மா இல்ல. 2023 ஏப்ரல்ல இருந்து ரெண்டாவது வீட்டுக்கு கவுன்சில் வரிக்கு மேல 300% வரை கூடுதலா போடலாம்னு உள்ளூர் கவுன்சில்களுக்கு அதிகாரம் கொடுத்தாங்க. 'இது வீடு இல்ல, தொழில்'னு காட்டேஜ்காரர் வரிச்சலுகை கேட்கணும்னா வருஷத்துல 182 நாள் ஆள் தங்கியிருக்கணும்னாங்க. முன்னாடி 70 நாளே போதும். டூரிஸம் படுத்துடும்னு ஓனர்கள் புலம்பல்.

என்னைக் கேட்டா, ரெண்டுமே சரி. பூட்டின வீட்டைவிட ஆள் வந்து போற காட்டேஜ் தேவலை, ஊர்க் கடைக்காவது வியாபாரம் நடக்கும். ஆனா ஒரு மொழி கடையில வளராதே. அதுக்கு அங்கேயே வாழுற குடும்பம் வேணும்.

நாலு நாள் ஜாலியா இருந்துட்டு வந்த நானும் இந்தக் கணக்குல ஒரு பைசாதான். உறுத்துது. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?