பொட்டி மேல பழி போடாதீங்க

டிஸ்கி: இது பாதி டெக்னிக்கல், மீதி பொலம்பல். கம்ப்யூட்டர்னாலே கொட்டாவி வர்றவங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். :-)

டிவியில கம்ப்யூட்டரை இணைச்சுப் படம் பார்க்கிற வீடுகள்ல ஒரு பொதுவான வியாதி உண்டு. படம் திக்கும். ஹீரோ நடந்து வந்தா வெட்டி வெட்டி வருவார். வசனம் முன்னாடி போயிடும், வாய் அப்புறமா அசையும். இதைக் கொண்டுபோய்க் கடையில சொன்னா, பொட்டியைத் திறந்துகூட பார்க்காம தீர்ப்பு வந்துடும்: "சிஸ்டம் ஓல்டு சார், புதுசு போட்ருங்க."

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்புங்கிறது என் கட்சி. அதுக்கும் மேல ஒண்ணு சொல்றேன். புதுசு வாங்கினாலும் பாதி வியாதி அப்படியே கூட வரும். காசு போனதுதான் மிச்சம்.

சும்மா சொல்லலைங்க. எங்க தெருவுல ஒரு அங்கிள் இருக்கார். ஆவடியில வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர், ஆண்ட்டி இப்ப இல்ல. டிவிக்குப் பக்கத்துல ஒரு பழைய ஐ5, நாலாம் தலைமுறை. அதுல அவர் பார்க்கிறது மூணே விஷயம்: பழைய படங்கள், வெளியூர்ல இருக்கிற மகன் போன்ல எடுத்து அனுப்புற பேத்தி வீடியோ, அப்புறம் 1989ல எடுத்த அவங்க கல்யாண வீடியோ. மூணுமே சரியா ஓடலை. ஒரு கடையில 38 ஆயிரத்துக்குக் கொட்டேஷன் வாங்கி வச்சிருந்தார். "தம்பி, நீ சாப்ட்வேர்ல தானே இருக்கே, இது நியாயமான ரேட்டா பாரு"ன்னு கூப்பிட்டார். ரேட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பொட்டியைப் பார்ப்போம் அங்கிள்னு உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆணி. கடைசியில தெரிஞ்சது, மூணுக்கும் மூணு வேற வேற காரணம்!

ஒண்ணு: பழைய படங்கள். இடைவேளை வரைக்கும் நல்லா ஓடும், அதுக்கப்புறம்தான் திக்கும். இந்த "அரை மணி கழிச்சு" அப்படிங்கிற வார்த்தை காதுல விழுந்தா முதல் சந்தேகம் சூட்டு மேல வரணும். பிராசஸர் ஒரு அளவுக்கு மேல சூடானா தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். குத்தம்பாக்கம் பக்கம் இருக்கிறவங்களுக்கு மே மாசமும் தெரியும், பெங்களூர் ஹைவே லாரிப் புழுதியும் தெரியும். அந்தப் பொட்டி கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷெல்புக்குள்ள இருந்தது. உள்ளே ஃபேன்ல கம்பளி மாதிரி தூசி. சுத்தம் பண்ணி, பிராசஸர் மேல புது பேஸ்ட் தடவி, பொட்டியை வெளியில எடுத்து வச்சோம். செலவு பேஸ்ட்டுக்கு 120 ரூபா. அதே அலமாரிக்குள்ள புதுப் பொட்டியை வச்சிருந்தா, ரெண்டு கோடைக்குள்ள இதே கதைதான்.

ரெண்டு: பேத்தி வீடியோ. இது முதல் நொடியிலேர்ந்தே திக்கும். விஎல்சியில கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அமுக்கினா அந்த ஃபைலோட ஜாதகமே வரும். பார்த்தா 4கே, 10 பிட், எச்.இ.வி.சி. விஷயம் என்னன்னா, வீடியோவைச் சுருக்கி வைக்கிற முறைகள் ஒரு பாஷை மாதிரி. எச்.264 வந்தது 2003ல. அதை விட சின்ன ஃபைல்ல அதே தரம் தர்ற எச்.இ.வி.சி. 2013ல வந்தது. ஏவி1 2018ல. அந்தந்த பாஷையை விரிக்கிறதுக்கு சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி இருக்கும். இன்டெல்ல எச்.இ.வி.சி.யை முழுசா விரிக்கிற பகுதி ஆறாம் தலைமுறையில, 2015ல வந்தது. 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறை வேணும். அங்கிளோட நாலாம் தலைமுறைக்கு இந்தப் பாஷையே தெரியாது. அதனால மொத்தப் பாரத்தையும் பிராசஸரே சுமக்குது, மூச்சு வாங்குது.

இதை ஒரு நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்துல "வீடியோ டீகோட்"னு ஒரு கட்டம் இருக்கும். படம் ஓடும்போது அது தரையில கிடந்து, பிராசஸர் 100ல நின்னா, சிப்புக்கு பாஷை தெரியலைன்னு அர்த்தம்.

சரி, அப்ப கடைக்காரர் சொன்னது ரைட்டு தானேன்னு கேப்பீங்க. இந்த ஒண்ணுல மட்டும் பாதி ரைட்டு. ஆனா அங்கிள் வீட்டு டிவியே 1080 தான். 4கேங்கிறது அதை விட நாலு மடங்கு புள்ளி. அவ்வளவையும் கஷ்டப்பட்டு விரிச்சு, முக்கால்வாசியைத் தூக்கிப் போட்டுட்டு காட்டப்போறோம். எதுக்கு? மகன்கிட்ட பேசி போன் கேமரா செட்டிங்ல 1080, எச்.264க்கு மாத்தச் சொன்னோம். ஏற்கெனவே வந்ததை எல்லாம் ஹேண்ட்பிரேக்குங்கிற இலவச மென்பொருள்ல ராத்திரி பூரா ஓட விட்டு மாத்தினோம். ஒரிஜினலை அழிக்கலை, அது தனியா ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கு. யூட்யூப் திக்குறவங்களுக்கும் இதே வைத்தியம் உண்டு. எச்264ஃபைனு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன், பழைய பாஷையிலேயே அனுப்புன்னு யூட்யூபைக் கேட்டு வாங்கும்.

மூணு: கல்யாண வீடியோ. இதுக்காகத்தான் இந்தப் பதிவே. தாலி கட்டற நேரத்துல கை அசைஞ்சா சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா கிழியுது. கடையில இதுக்கும் "கிராபிக்ஸ் கார்டு பத்தாது"ன்னு சொல்லியிருக்காங்க. அடப்பாவமே!

நம்ம ஊரு பழைய டிவி முறையில நொடிக்கு 25 பிரேம். ஆனா ஒவ்வொரு பிரேமும் ரெண்டு பாதியா, ஒத்தைப்படை வரி ஒரு தடவை, இரட்டைப்படை வரி ஒரு தடவைன்னு, நொடிக்கு 50 தடவை வரும். விஎச்எஸ் கேசட்டும் அப்படித்தான், அதுலேர்ந்து போட்ட டிவிடியும் அப்படித்தான். குழாய் டிவியில இது தெரியாது. இப்ப உள்ள டிவி ரெண்டு பாதியையும் ஒண்ணா ஒட்டிக் காட்டும்போது, நடுவுல கை நகர்ந்திருந்தா கோடு விழும். பிளேயர் இதைத் தானா சரி பண்ணிடும், ஃபைல்ல "இது பாதி பாதியா எடுத்தது"ன்னு ஒரு குறி இருந்தா. அங்கிளோட டிவிடியை யாரோ எம்பி4 ஆக்கித் தரும்போது அந்தக் குறி விட்டுப் போச்சு. விஎல்சியில டி எழுத்தை அமுக்கினேன். அவ்வளவுதான். கோடு போச்சு. செலவு சுழியம்.

38 ஆயிரம் கொடுத்துப் புதுசு வாங்கியிருந்தாலும் அந்தக் கோடு அப்படியே இருந்திருக்கும். ஏன்னா குறை பொட்டியில இல்ல, ஃபைல்ல இருக்கு. அப்ப அவர் என்ன நினைச்சிருப்பார்? "கேசட் கெட்டுப்போச்சு, இனிமே இவ்வளவுதான்"னு நினைச்சிருப்பார். எனக்கு வயித்தெரிச்சல் காசு பத்தி இல்லைங்க, இதைப் பத்தித்தான். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு டிவிடி இருக்கும். எம்பி4 ஆக்கும்போது படத்தோட அளவை மாத்திட்டா அந்தக் கோடு நிரந்தரமா பதிஞ்சுடும், அப்புறம் எந்த எழுத்தை அமுக்கினாலும் போகாது. அதனால அசல் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க.

இன்னொரு வியாதியும் உண்டு. எல்லாம் சரியா இருக்கும், ஆனா கேமரா வயல்வெளியில மெல்ல நகர்ற பாட்டுல மட்டும் லேசா உதறும். சினிமா நொடிக்கு 24 பிரேம், திரை 60 ஹெர்ட்ஸ். 60ஐ 24ஆல வகுத்தா ரெண்டரை. அரை தடவை காட்ட முடியாதே, அதனால ஒரு பிரேமை மூணு தடவை, அடுத்ததை ரெண்டு தடவைன்னு காட்டும். அந்த நொண்டல்தான் உதறல். கோடியில வீடியோ பிளேயர் செட்டிங்ல, படத்துக்கு ஏத்த மாதிரி திரையோட ரிஃப்ரெஷ் ரேட்டை மாத்திக்கிற வசதி இருக்கு. அதைப் போட்டு விடுங்க. டிவி 24 ஹெர்ட்ஸை ஏத்துக்கும்னா உதறல் போயிடும். இதுவும் லட்ச ரூபா பொட்டியிலயும் வரும்.

"புதுசுன்னா எல்லாம் ஓடும்"ங்கிற நம்பிக்கையும் இப்ப ஆட்டம் கண்டிருக்கு. 2025 நவம்பர்ல வந்த செய்தி ஞாபகம் இருக்கா? எச்பி, டெல் ரெண்டு பேரும் சில புது மாடல் லேப்டாப்கள்ல எச்.இ.வி.சி. வசதியை முடக்கி வச்சே விக்கிறாங்கன்னு வெளியாச்சு. சிப்புக்குப் பாஷை தெரியும், வாயைக் கட்டியாச்சு. ராயல்டி கணக்குதான் காரணம்னு பரவலா பேசிக்கிட்டாங்க. ராஸ்பெரி பை 2012லயே எம்பெக்-2க்கு தனியா 2.40 பவுண்டுக்கு சாவி வித்தது. அதாவது, ஓடுறதும் ஓடாததும் பொட்டியோட வயசை மட்டும் வச்சு இல்ல.

நியாயத்துக்கு எதிர்க்கட்சியையும் சொல்லிடறேன். 4கே டிவி வாங்கிட்டீங்க, ஓடிடி தான் முக்கியம்னா பழைய கம்ப்யூட்டரோட மல்லுக்கட்ட வேணாம், டிவியில சொருகுற சின்ன ஸ்டிக்கே போதும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு, அதுவும் உண்மை. ஆனா படம் மட்டும் பார்க்கிற பொட்டிக்கு லிப்ரெஎலெக் போட்டா போதும், கோடி நேரா வந்து நிக்கும். காசு கிடையாது. தயவு செஞ்சு "கோடெக் பேக்"னு கண்ட தளத்துலேர்ந்து எதையும் இறக்காதீங்க. விஎல்சியும் கோடியும் எல்லாத்தையும் உள்ளேயே வச்சிருக்கு.

எங்க ஊர் பேரைச் சொன்னா பல பேருக்கு இளங்கோ ரங்கசாமி ஞாபகம் வருவார். கெமிக்கல் இன்ஜினியர், 1996ல பஞ்சாயத்துத் தலைவரா வந்தவர். கிராமம் தன் தேவையைத் தானே பார்த்துக்கணும்னு பேசினவர். அவர் அளவுக்கு எல்லாம் வேணாம். நம்ம பதிவர் கூட்டத்துல பாதிப்பேர் பொட்டி தட்டுறவங்க. அவங்கவங்க தெருவுல ஒரு பெரியவர் கையில கொட்டேஷனோட நின்னா, "எப்ப திக்குது அங்கிள்? ஆரம்பத்திலேயா, அரை மணி கழிச்சா, கேமரா நகரும்போது மட்டுமா? எந்த ஃபைல்?"னு நாலு கேள்வி கேட்டாலே முக்கால்வாசி விடை வந்துடும். அதுக்கு இன்ஜினியரிங் டிகிரிகூட வேணாம்.

உங்க வீட்டுப் பொட்டிக்கு வேற வியாதி இருந்தா, கன்ட்ரோல் ஜே-ல வர்ற ஜாதகத்தோட பின்னூட்டத்துல போடுங்க. வர்ற சனிக்கிழமை சேர்ந்து ஆணி புடுங்குவோம். வர்ட்டா!