ரியோ நீக்ரோவும் எங்கள் கிணற்று நீரும்

சென்ற ஆண்டு வைகாசியில் கொழும்பிலிருந்து வல்வெட்டித்துறைக்கு இரவுப் பேருந்தில் சென்றபோது, மடியில் ஒரு றிஜிபோம் பெட்டியை அணைத்தபடி விடியும்வரை விழித்திருந்தேன். ஒட்சிசன் நிரப்பிக் கட்டிய பைகளில் நாற்பது கார்டினல் ரெட்ரா மீன்கள் அதனுள் இருந்தன. அக்காவின் மகன் வீட்டு விறாந்தையில் மூன்றடி நீளத் தொட்டியொன்றை அமைத்து, தென்னமெரிக்கக் காட்டாறு ஒன்றை அதற்குள் அப்படியே கொண்டுவரப்போவதாகச் சொல்லியிருந்தான். மீன் வாங்கிக் கொடுப்பது மாமனின் பங்கு. நான்காம் நாள் தொலைபேசி வந்தது.

"மாமா, மூண்டுதான் மிஞ்சியிருக்கு."

"என்ன தண்ணி விட்டனீ?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான். நல்ல தண்ணியெல்லோ!"

நல்ல தண்ணீர்தான். அதைக் குடித்து வளர்ந்தவன் நான். முதலில் மீன் விற்ற கடைக்காரரை மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். முப்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தும், விசாரிக்கும் முன்பே குற்றவாளியைத் தீர்மானிக்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. விசாரித்துப் பார்த்ததில் குற்றவாளி நானே என்று தெரிந்தது.

கொழும்பின் குழாய் நீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து வருவது, மென்னீர். கடைத் தொட்டியில் நின்ற மீன்கள் அதற்குப் பழகியவை. யாழ்ப்பாணக் குடாநாடோ மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமர்ந்திருப்பது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இங்கில்லை. பெய்கின்ற மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, போகிற வழியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். கேத்திலின் அடியில் படிகின்ற வெள்ளைப் படிவும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் அந்நீரின் கடினத்தைச் சொல்லும். மனிதனுக்கு அது பெரிய தொல்லையன்று. உப்பே அறியாத நீரில் உருவான மீனுக்கு அது வேற்றுக் கிரகம்.

அதைவிடக் கொடிது நான் சொன்ன அறிவுரை. பையைத் திறந்து, கிணற்று நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணிநேரம் கலந்த பிறகே மீனை விடவேண்டும் என்று பெரிய அனுபவசாலிபோலச் சொல்லிவைத்தேன். பன்னிரண்டு மணிநேரம் அடைபட்ட மீன்கள் பைக்குள் அமோனியாவை வெளியிடுகின்றன. அவை மூச்சுவிடும் காபனீரொட்சைட்டு நீரை அமிலமாக்குவதால், அது பெருந்தீங்கற்ற அமோனியமாக அடங்கிக் கிடக்கிறது. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறுகிறது. கார இயல்புள்ள கிணற்று நீர் சேரச்சேர, அடங்கிக் கிடந்தது மீண்டும் நஞ்சாகிறது. என்னுடைய 'பொறுமை' அந்த மீன்களை ஒரு மணிநேரம் நஞ்சில் ஊறவைத்திருக்கிறது.

அவற்றின் தாயகமான ரியோ நீக்ரோ, கொலம்பியாவில் தோன்றி, வெனிசுவேலா எல்லையைத் தொட்டு, பிறேசிலின் மனாவுஸ் நகரருகே அமேசனின் பெரு ஓட்டத்துடன் கலக்கும் ஆறு. பெயரின் பொருளே கறுப்பாறு. காட்டில் உதிர்ந்த இலைகளும் கட்டைகளும் ஊறிச் சாயமிறங்கிய நீர். கையில் அள்ளினால் பால் விடாத தேநீர். கரைந்த உப்புகள் அநேகமாக இல்லை. பி.எச். அளவு 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும். எங்கள் கிணறுகளில் அது 7க்கு மேல். அந்த அளவுகோலில் ஒவ்வோர் அலகும் பத்து மடங்கு என்பதை நினைவிற் கொண்டால் இடைவெளி எத்தகையது என்பது விளங்கும்.

ரியோ நீக்ரோக் கரையில் பார்செலோஸ் என்றொரு சிறு நகர் உண்டு. பல பத்தாண்டுகளாக அங்குள்ளவர்களில் பலருக்கு இந்தச் சின்ன மீன்களே சீவியம். பியாபெய்ரோ என அழைக்கப்படும் அத்தொழிலாளர்கள் வெள்ளம் ஏறிய காட்டுக்குள் சிறு வள்ளங்களில் சென்று கைவலையால் கோலிப் பிடிக்கிறார்கள். 1989இல் தொடங்கிய பியாபா திட்டம் என்ற ஆய்வு முயற்சி, அளவோடு மீன் பிடித்து வாழ வழியிருந்தால் அம்மக்கள் காட்டை வெட்டவேண்டியதில்லை என்ற கருத்தை முன்வைத்து இயங்கிவருகிறது. அந்நகரில் அலங்கார மீன் திருவிழாவும் நடக்கும். ஊரே கார்டினல் கட்சி, டிஸ்கஸ் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஆடிப் பாடிப் போட்டியிடும். பொங்கலன்று கடற்கரையில் பட்டப் போட்டிக்காகக் கூடும் எங்களூராருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் ஓட்டிச்சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த மாலுமிகளின் ஊர் இது. கடலோடி ஒருவன் இன்னொரு நீரோடியின் உழைப்பை மதிக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். கார்டினல் மீன்கள் இன்று பண்ணைகளிலும் பெருக்கப்படுகின்றன. நான் கொண்டுபோன நாற்பதும் எங்கிருந்து வந்தவை என்று கடையில் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பத்திரிகைக்காரன் என்பதால் இடையில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. இந்த மீனுக்கு அறிவியற் பெயர் சூட்டுவதில் இரண்டு தரப்பினர் போட்டியிட்டனர். ஒருவரின் கட்டுரை 1956 பெப்ரவரி 20ஆம் திகதியிட்டு ஒரு மீன் வளர்ப்புச் சஞ்சிகையில் வந்தது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தாரின் கட்டுரை 21ஆம் திகதி வந்தது. ஒரே ஒரு நாள்! விவகாரம் சர்வதேச ஆணைக்குழுவரை சென்று, முந்திய திகதியே வென்றது. அந்தச் சஞ்சிகையை நடத்திய அக்செல்றொட் என்பவரின் பெயரே இன்றும் மீனின் பெயரில் நிலைத்திருக்கிறது. அச்சுக்குப் போகும் நேரத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

விடயத்துக்கு வருவோம். கொழும்பிலும் சரி, ரொறன்ரோவிலும் சரி, 'இயற்கைத் தொட்டி' என்று காட்டப்படுபவற்றிற் பல எனக்குப் பொய்யாகவே தோன்றுகின்றன. வேர்க்கட்டை ஒன்று, பச்சைப் பசேலென்ற செடிகள், தென்னமெரிக்கப் பெயர் கொண்ட ஐந்தாறு மீனினங்கள். தென்னமெரிக்கா ஒரு நீர்நிலையின் பெயர் அன்று. ஒரு தொட்டியில் ஓர் ஆற்றைக் காட்டுகிறோம் என்றால் அந்த ஆற்றின் நீரையும் மண்ணையும் அங்கே கூடி வாழும் உயிர்களையும் காட்டவேண்டும். பயோரோப் என்று மீன் வளர்ப்போர் சொல்வதன் பொருள் அதுதான். கறுப்பாற்றின் பல பகுதிகளில் நீர்ச்செடிகளே அரிது. இலைச்சருகும் கிளைகளும் வெண்மணலுமே உண்டு. செடியில்லாத தொட்டியைப் பார்த்து முகஞ்சுளிப்பவர் உண்மையில் ஆற்றை விரும்பவில்லை, பூந்தோட்டத்தை விரும்புகிறார். விரும்பட்டும்; ஆனால் அதற்கு ஆற்றின் பெயர் வேண்டாம்.

மருமகன் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரமொன்றை வாங்க நினைத்தான். நான் மறுத்தேன். வீடுகளில் வைக்கும் அத்தகைய இயந்திரங்கள் ஒரு லீற்றர் மென்னீர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான நீரைக் கழிவாகத் தள்ளுபவை. உவர்நீரின்மேல் மிதக்கும் வில்லையொன்றை நம்பி வாழும் குடாநாட்டில், தோட்டங்களுக்கு அளவுக்கு மேல் இறைத்து ஏற்கெனவே உவராகிப்போன கிணறுகள் இருக்க, உர நைத்திரேற்று கலந்த கிணற்று நீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தாய்மார் அஞ்சும் ஊர்கள் இருக்க, விறாந்தை அலங்காரத்துக்காக நன்னீரை வாய்க்காலில் விடுவது எனக்கு ஒப்பவில்லை. "மீனுக்கும் நியாயம் பாக்கிறியள், தண்ணிக்கும் நியாயம் பாக்கிறியள், அப்ப என்னதான் செய்யிறது?" என்றான். நியாயமான கேள்வி.

விடை கூரையில் இருந்தது. ரியோ நீக்ரோவின் நீர் ஏறத்தாழ மழைநீர். எங்களுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. பத்துச் சதுர மீற்றர் கூரையில் நூறு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் லீற்றர். அவனுடைய தொட்டி நூற்றறுபது லீற்றர். வாரந்தோறும் ஐந்திலொரு பங்கை மாற்ற முப்பத்திரண்டு லீற்றர் வேண்டும். ஆண்டுக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஆவியாவதை நிரப்பவும் சேர்த்து ஆயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டு போதும். கடற்கரை ஊராகையால் கூரையில் உப்புப் படிந்திருக்கும். முதல் மழைகளை ஓடவிட்டுப் பிறகே பிடிக்கவேண்டும். தாங்கியின் வாயை நுண்வலையால் இறுகக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் மீன் தொட்டிக்கு முன்னரே டெங்கு நுளம்புப் பண்ணை தயாராகிவிடும். தனி மழைநீரில் பி.எச். சடுதியாகச் சரியக்கூடும் என்பதால் பத்துக்கு ஒன்று என்ற அளவில் கிணற்று நீரைக் கலந்துகொள்ளலாம்.

மணலில் எங்களவர் எல்லோரும் தவறுவார்கள். கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். அழகுக்காக வைக்கும் முருகைக்கல் முழுவதுமே சுண்ணாம்பு. ஒரு பிடி மணலில் வினாகிரியை விட்டுப் பாருங்கள். பொங்கினால் அது தொட்டிக்கு ஆகாது. நன்கு காய்ந்த கொய்யா வேர், காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை, கொய்யா இலை ஆகியவை போதும். நீரின் சாயம் தானாக இறங்கும். வெளிச்சம் குறைவாக இருக்கவேண்டும். மீன் விடுமுன் ஐந்தாறு வாரங்களாவது வடிகட்டியை ஓடவிட்டு, அமோனியாவை உண்ணும் நுண்ணுயிர்களைப் பெருகவிடவேண்டும். அமில நீரில் அவை மெதுவாகவே வேலை செய்யும் என்பதால் மீனின் தொகையையும் தீனியையும் குறைத்தே வைக்கவேண்டும். இந்த அவசரம்தான் எங்களுக்கு எப்போதும் எதிரி.

எந்த மீனை எதனோடு விடுவது என்று பலர் கேட்பதுண்டு. கார்டினல் இருபத்தைந்து நடுநீரில். மேலே பென்சில் மீன்களும் ஹட்செட் மீன்களும் (இவை தாவுபவை, மூடி அவசியம்). கீழே அப்பிஸ்தோகிரம்மா ஒரு சோடி. அவ்வளவே. நியோன் ரெட்ரா வேண்டாம். அது சற்றுக் குளிர்ந்த நீரை விரும்புவது, எங்கள் சித்திரை வெக்கையைத் தாங்காது. ஏஞ்சல் மீன் வளர்ந்ததும் சின்ன ரெட்ராக்களை விழுங்கிவிடும். டிஸ்கஸுக்கு இந்தத் தொட்டி போதாது.

மழைத்தாங்கி வைக்க வசதியில்லாதவர்கள் மனந்தளரவேண்டாம். கடின நீரில் மகிழ்ச்சியாக வாழும் தென்னமெரிக்கர் ஒருவர் எங்கள் ஊரில் நீண்டகாலமாகவே குடியிருக்கிறார். கப்பி மீனைத்தான் சொல்கிறேன். வெனிசுவேலாவும் திரினிடாட்டும் அதன் தாயகம். திரினிடாட்டிலிருந்து அதை லண்டனுக்கு அனுப்பிவைத்த கப்பி என்ற கனவானின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பதற்காகக் கிணறுகளில் விடப்பட்டது. நகர்ப்புறங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பினம் 2016இன் இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டதிலிருந்து கிணற்று மீனின் தேவை மறுபடி உணரப்பட்டது. போர் முடிந்து, பல ஆண்டுகள் ஆளில்லாமற் கிடந்த எங்கள் வீட்டுக்கு 2010இல் போனேன். கூரையில்லை, கதவுநிலைகள் இல்லை, கிணற்றுக் கப்பியும் கயிறும் இல்லை. எட்டிப் பார்த்தபோது நீரில் சாம்பல் நிறத்தில் சின்னஞ்சிறு வாலசைவுகள். நான் சிறுவனாக இருந்தபோது போத்தலில் கொண்டுவந்து விட்டவற்றின் சந்ததி என்றே நம்புகிறேன். வேறு எவரும் அந்த வளவில் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆனாலும் கப்பியின் இடம் கிணறும் தொட்டியும்தான். குளத்தில் விட்டால் உள்ளூர்ச் சிறுமீன்களின் இடத்தைப் பிடித்துவிடும். மருமகனின் தொட்டியில் பாசி தின்பதற்கென்று வாங்கிய இன்னொரு தென்னமெரிக்க மீனும் இருந்தது. சந்தையில் 'ராங் கிளீனர்' என்பார்கள். விரலளவில் வாங்கினால் ஓரடிக்கு மேல் வளர்ந்து நிற்கும். அது பெருத்துவிட்டதால் தொண்டைமானாற்றில் கொண்டுபோய் விடப்போவதாக அவன் சொன்னபோதுதான் உண்மையில் சத்தம் போட்டேன். தொட்டிகளிலிருந்து தப்பிய இவ்வினம் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் நிலைகொண்டு பெருகியதை 2013இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கரையைக் குடைந்து முட்டையிடுவது அதன் வழக்கம். தொண்டைமானாற்றில் கடல் உட்புகாமல் தடுக்கும் கதவணை உண்டு. மாரியில் கடனீரேரி நன்னீராக மாறவேண்டும் என்பதற்காகவே அது கட்டப்பட்டது. கேரளத்தவர் கரிமீன் என்று கொண்டாடும் மீன் எங்கள் கடனீரேரிகளிலும் உண்டு. கடையில் காசு கொடுத்து வாங்கும் ஏஞ்சல் மீனும் அதுவும் ஒரே குடும்பம். அந்த உறவுக்காரரின் வீட்டுக்குள் இந்தக் குடைகாரனை விடுவதா? இப்போது அது பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது.

மிஞ்சிய மூன்று கார்டினல்களையும், அக்கா குடிப்பதற்காகக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் மருமகன் மாரி வரும்வரை வைத்திருந்தான். கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி படிந்துவிடுவதால் அந்நீர் சற்று மென்மையானது. அதில் இரண்டு பிழைத்தன. கார்த்திகையில் தாங்கிகள் நிறைந்தன. தையில் நான் மறுபடியும் பெட்டியோடு பேருந்தேறினேன். இம்முறை இருபத்தைந்து, பையைத் திறந்ததும் உள்ளிருந்த நீரைக் கொட்டிவிட்டு, மீனை வலையால் எடுத்து நேரே மழைநீருக்குள் விட்டோம். சித்திரை கழிந்தும் இருபத்துமூன்று இருக்கின்றன.

இப்போது சிக்கல் வேறு. மழைநீரில் தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று அக்கா கண்டுபிடித்துவிட்டார். நாளுக்கு இரண்டு கேத்தில் தாங்கியிலிருந்து போகிறது. அடுத்த ஐப்பசி வரைக்கும் காணாது என்று மருமகன் என்னிடம் முறையிடுகிறான். மூன்றாவது தாங்கிக்கு மாமன் காசு அனுப்பவேண்டுமாம்.