கொக்கி போடலாமா?

(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

மின்கம்பியில் கொக்கி போட்டு விளக்கு எரிப்பவரை நாம் பார்த்திருக்கிறோம். மனு இல்லை, மீட்டர் இல்லை. விளக்கு என்னவோ எரிகிறது. ஆனால் கம்பி அறுந்தால் இருளில் மூழ்குவது தெரு முழுவதும் அல்லவா? கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய கொக்கி உண்டு. அது சரியா, தவறா என்பதே என் கட்டுரையின் பொருள்.

இயக்க அமைப்பின் உயிர்நாடி கெர்னல் என்னும் கருப்பகுதி. ஒரு நிரல் கோப்பைத் திறக்க விரும்பினால் கெர்னலிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த விண்ணப்பத்தை எந்தச் செயற்கூறு கவனிக்கும் என்னும் முகவரிகள் ஓர் அட்டவணையில் இருக்கும். லினக்சில், கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே 'மாட்யூல்' என்னும் துண்டு நிரலைக் கெர்னலுக்குள் ஏற்றலாம். புதிய கருவிகளை இயக்க இது பெரிதும் உதவுகிறது. அதே மாட்யூல் அட்டவணையில் உள்ள ஒரு முகவரியை மாற்றித் தன் முகவரியை எழுதிவிட்டால்? அதன்பின் ஒவ்வொரு விண்ணப்பமும் அதன் கையைக் கடந்தே செல்லும். இதுவே கொக்கி.

நானும் போட்டேன். ஆய்வகத்தில் இருந்த ஒரு பழைய லினக்ஸ் கணிப்பொறியில், கோப்பு திறக்கும்போதெல்லாம் ஒரு வரி எழுதும்படி செய்தேன். வரிகள் வந்தன, பெருமை தாளவில்லை! பின் மாட்யூலை இறக்கினேன். பழைய முகவரியைத் திரும்ப எழுத மறந்திருந்தேன். அடுத்த கோப்பைத் திறந்ததும், இல்லாத வீட்டின் கதவைத் தட்டியது கெர்னல். கணிப்பொறி உறைந்தது. அதில் தொலைவிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த தோழியின் அரைநாள் உழைப்பு போயிற்று. சாதாரண நிரல் தவறினால் அது மட்டுமே சாகும். கெர்னலுக்குள் தவறினால் அனைத்தும் சாயும். தோழி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிய தண்டனையாயிற்று.

என் பிழை அறியாமையால் வந்தது. அறிந்தே செய்தவர்களும் உண்டு. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சில இசைத்தட்டுகள், விண்டோஸ் கணிப்பொறிகளின் கெர்னலில் கொக்கி போட்டுச் சில கோப்புகளை உரிமையாளரின் கண்ணுக்கே மறைத்தன. படி எடுப்பதைத் தடுப்பது நோக்கமாம்! அந்த மறைவிடத்தில் தீய நிரல்களும் பதுங்கின. எதிர்ப்பு கிளம்பவே தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

அப்படியானால் கொக்கியே கூடாதா? கூடும் என்பேன், ஆனால் மனுப் போட்டு, மீட்டர் வைத்து. லினக்சில் 'கேபுரோப்' என்னும் முறை இருக்கிறது. எந்தச் செயற்கூற்றைக் கவனிக்க வேண்டும் என்று கெர்னலிடம் பதிந்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் முறைப்படி விலகலாம். பதிந்தவற்றின் பட்டியலை நிர்வாகி படித்துப் பார்க்கலாம். ஒளிவு மறைவு இல்லை.

2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.7, கெர்னலின் எந்தப் பெயருக்கும் முகவரி தேடித்தரும் செயற்கூற்றை மாட்யூல்களுக்குத் தர மறுத்தது. "கற்பவனின் சுதந்திரம் போயிற்றே" என்று சிலர் கேட்கலாம். லினக்சின் மூலநிரல் முழுவதும் நம் கையில் இருக்கிறது. வேண்டுமானால் திருத்தி, நாமே புதிய கெர்னலை உருவாக்கிக்கொள்ளலாம். அடைபட்டது கொல்லைப்புறக் கதவு மட்டுமே. தலைவாசல் திறந்தே இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கலையை அபாயம் என்று ஒதுக்காதீர்கள். மெய்நிகர்க் கணிப்பொறியில் கற்றுக்கொடுங்கள். அங்கே விழுந்தால் அடி நமக்கு மட்டுமே. தோழர்களே, உங்களுக்கும் ஒன்று: உள்ளே நுழையக் கற்கும் நாளிலேயே, வெளியே வரும்போது கதவைச் சாத்தவும் கற்றுக்கொள்வோம். திறமைக்கு அழகு பொறுப்பே!