ஒரு ஸ்குரூவுக்கு இத்தனை அலைச்சலா?



பேரனுக்காகப் பரணிலிருந்து இறக்கிய பழைய இங்கிலாந்து நீராவி இன்ஜின் மாடலில், சிலிண்டர் மூடி ஸ்குரூ இரண்டைக் காணோம். கடையில், "எம் 2.5 போட்டு முறுக்குங்க சார், உக்காந்துடும்" என்றார்கள். எங்கே உட்காரும்? பித்தளையில் மரைதான் போகும்! மிச்சமிருந்த ஸ்குரூவை வெர்னியரில் அளந்தேன் (உங்களுக்கு நடத்தியதுதான்). விட்டம் 2.2 மி.மீ. அது 8 பி.ஏ., மரை இடைவெளி 0.43. நம் எம் 2-க்கு 2.0, 0.4. போட்டால் லொடலொடவென ஆடும்.

அளக்காமல் திணிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து ரேடியோ, மீட்டர்களில் பி.ஏ. ஸ்குரூ உண்டு. காயலான் கடை மீட்டர் ஒன்றில் ஒன்று கிடைத்தது. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஸ்குரூக்களைக் கழற்றி வையுங்கள். எனக்கு இன்னும் ஒன்று வேண்டும்.