வெற்றிக்கு முன் வரவேண்டிய மன்னிப்பு

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் இளைஞர் உள்ளத்தைப் பெரிதும் கவர்வன. அவற்றுட் பல, ஒரே கதையையே வெவ்வேறு மைதானங்களில் வைத்துச் சொல்கின்றன. ஒருவன் வீழ்கின்றான்; ஊர் அவனைத் தூற்றுகின்றது; அவன் மறைந்து வாழ்கின்றான்; பின்னர் வீரனாகவோ பயிற்றுநனாகவோ மீண்டு வந்து வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுத் தருகின்றான்; ஊர் அவனை மன்னிக்கின்றது. கல் நெஞ்சையும் கரைக்க வல்ல கதைதான். ஆயினும், கண்ணீரைத் துடைத்துக்கொண்ட பின்னர் நாம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். கிண்ணம் கைக்கு வந்திராவிடின் அம்மன்னிப்பும் வந்திருக்குமா?

2007ஆம் ஆண்டில் வெளிவந்த 'சக் தே இந்தியா' என்னும் இந்தித் திரைப்படத்தை நம்மவர் பலர் பார்த்திருப்பர். அதன் நாயகன் கபீர் கான் இந்திய ஹொக்கி அணியின் தலைவன். பாக்கிஸ்தானுடனான உலகக் கிண்ண ஆட்டத்திற் கிடைத்த தண்ட அடியை அவன் தவறவிடுகின்றான். அவன் முஸ்லிம் ஆதலாற் பழி எளிதில் ஒட்டிக்கொள்கின்றது. துரோகி எனத் தூற்றப்பட்டுத் தாயுடன் வீட்டை விட்டு வெளியேறுகின்றான். ஏழாண்டுகள் கழித்து மகளிர் அணியைப் பயிற்றுவித்து, அவ்வணி உலகக் கிண்ணத்தை வென்ற பின்னரே அவ்வீட்டுக்குத் திரும்புகின்றான், அயலவர் வரவேற்கின்றனர்.

இது வெறுங் கற்பனையென்று தள்ளிவிட முடியாது. 1982ஆம் ஆண்டு புதுடில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவின் ஹொக்கி இறுதியாட்டத்தில் இந்தியா பாக்கிஸ்தானிடம் 1–7 எனத் தோற்றது. அன்று கோலைக் காத்து நின்ற மீர் ரஞ்சன் நெகி, ஆட்டத்தை விலைபேசினார் என்ற அபாண்டத்தைச் சுமக்க நேர்ந்தது. 2002ஆம் ஆண்டு மான்செஸ்டரில் பொதுநலவாய விளையாட்டு விழாவிலே தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் பயிற்றுநர்களுள் அவரும் ஒருவர். அப்படத்தில் நடித்த மகளிருக்கு ஹொக்கி பயிற்றியவரும் அவரே.

இங்கே நாம் பிழையையும் குற்றத்தையும் பிரித்தறிதல் வேண்டும். பந்தைத் தவறவிடுதல் பிழை, குற்றமன்று. பிழைக்கு வேண்டுவது மேலும் பயிற்சி; மன்னிப்பு அன்று. கபீர் கான் கதையிற் குற்றம் இழைத்தோர் அவனைத் துரோகி என்றோரே. ஆயின், படம் முடியும் வேளையில் அயலவர் அவனை ஏற்றுக்கொண்டதைக் கண்டு நாம் நெகிழ்கின்றோம். அந்த ஏழாண்டுக்கும் கணக்குக் கொடுக்கவேண்டியவர் அவர்களே என்பதை மறந்துவிடுகின்றோம். வெற்றியின் பேரொலியில் நீதியின் குரல் கேளாமற் போகின்றது.

வெற்றி வந்தால் மன்னிப்புத் தானே வரும் என்பதும் உண்மையன்று. 1950ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி, பிறேசில் நாட்டு மரக்கானா அரங்கில், உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியின் முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டம் நிகழ்ந்தது. சமநிலை எய்தினாலே கிண்ணம் பிறேசிலுக்கு என்ற நிலை. ஆட்டம் முடியச் சற்றேறக்குறையப் பதினொரு நிமிடம் இருக்கையில் உருகுவே தன் இரண்டாவது கோலைப் போட்டு 2–1 என வென்றது. பழி முழுவதும் கோல்காப்பாளர் மொவாசிர் பார்போசாவின் தலையிற் சுமத்தப்பட்டது. அதன் பின்னர் 1958, 1962, 1970, 1994 ஆகிய ஆண்டுகளிற் பிறேசில் நான்கு முறை உலகக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. அந்நான்கு கிண்ணங்களும் அவரைப் பழியினின்றும் விடுவிக்கவில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் மிகக் கூடிய தண்டனை முப்பதாண்டே என்றும், தாமோ ஐம்பதாண்டு அனுபவித்தார் என்றும் கூறி வருந்திய அவர் 2000ஆம் ஆண்டிற் காலமானார். கிண்ணத்தால் வாங்கப்படுவது மன்னிப்பாயின், நான்கு கிண்ணம் போதாமற் போனது எங்ஙனம்?

இனி, உண்மையாகவே குற்றம் செய்தவன் கதையைப் பார்ப்போம். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹூசியேர்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தின் பயிற்றுநர் நோர்மன் டேல், தம் மாணவ வீரனை அடித்துப் பதவி இழந்தவர். படத்துக்கு வித்தாக அமைந்தது மெய்ந்நிகழ்ச்சி ஒன்று. 1954ஆம் ஆண்டில், 161 மாணவரே பயின்ற மைலன் என்னும் சிற்றூர்ப் பாடசாலை, இந்தியானா மாநிலக் கூடைப்பந்தாட்ட இறுதியில் 32–30 என வென்று வாகை சூடியது. அவ்வணியின் உண்மைப் பயிற்றுநர் மார்வின் வூட் அத்தகைய பழியேதும் சுமக்காத இளைஞர். பழி சுமந்த பயிற்றுநன், படத்தை ஆக்கியோரின் படைப்பு. வெற்றி மட்டும் போதாது, மீட்சியும் வேண்டும் என்று அவர்கள் கருதினர் போலும்.

அப்படத்தில் இருவகை மன்னிப்பு உண்டு. ஊரவர் கூடி டேலை நீக்க வாக்களிக்கின்றனர். சிறந்த ஆட்டக்காரனான மாணவன், பயிற்றுநர் இருந்தாற்றான் விளையாடுவேன் என்றதும் அவர்களே மனம் மாறுகின்றனர். இது வியாபாரம். மற்றையது அமைதியாக நிகழ்கின்றது. டேலின் கடந்த காலத்தை அறிந்திருந்தும் பழைய நண்பரான தலைமையாசிரியர் அவருக்கு வேலை கொடுக்கின்றார். அவ்வாறு ஏற்கப்பட்ட டேல், மாணவன் ஒருவனின் குடிகாரத் தந்தையைத் துணைப் பயிற்றுநனாக ஏற்கின்றார். அத்தந்தை மீண்டும் குடித்து வைத்தியசாலையிற் கிடக்கையில், முன்னர் அவரால் வெட்கித் தலைகுனிந்த மகன் அன்போடு சென்று பார்க்கின்றான். இறுதியாட்டம் அப்போது நடைபெறவே இல்லை.

1976ஆம் ஆண்டின் 'றொக்கி' இதனினும் ஒரு படி மேலே செல்கின்றது. தன்னைப் புறக்கணித்து, குத்துச்சண்டைக் கூடத்தில் தன் பெட்டகத்தையும் பறித்துக்கொண்ட முதிய பயிற்றுநர், நல்வாய்ப்பு வந்தபின் தன்னை நாடி வரும்போது றொக்கி கொதித்தெழுகின்றான். ஆனால், அவர் இறங்கிப் போனதும் பின்னால் ஓடிச் சென்று இரவுத் தெருவில் அவர் கையைப் பற்றுகின்றான். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. பின்னர் நிகழும் சண்டையிற் பதினைந்து சுற்றும் நின்று தாக்குப்பிடித்தும் நடுவர் தீர்ப்பில் றொக்கி தோற்றே போகின்றான். ஆயினும் அவன் ஈடேறிவிட்டான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

வெற்றியைப் பொருட்படுத்தாவிடின் விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்பர். நாம் வெற்றியைப் பழிக்கவில்லை. வெல்வதற்கே விளையாடுதல் வேண்டும். குற்றம் செய்தவன் திருந்தவேண்டா என்பதும் நம் கருத்தன்று. திருந்துதல் அவன் கடன். மன்னித்தல் நம் கடன். இரண்டையும் வெற்றிப் புள்ளியோடு முடிச்சுப் போடுதல் தகாது என்பதே நாம் கூறுவது. பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பொறுக்கப்படுவோன் முதலிற் பரிசு கொணரவேண்டும் என்று நிபந்தனை விதித்தாரில்லை.

இது திரையோடு நிற்கும் செய்தியன்று. பாடசாலை மைதானங்களில் ஒரு பிடியைத் தவறவிட்ட பையனுக்கு அன்று மாலையே பட்டப்பெயர் ஒன்று பிறந்துவிடுகின்றது. அவன் மணமுடித்துப் பிள்ளை பெற்ற பின்னரும், பழைய மாணவர் ஒன்றுகூடலில் அப்பெயரே அவனை வரவேற்கின்றது. அழைப்பவருக்கு அது வேடிக்கை. அழைக்கப்படுபவன் ஒன்றுகூடலுக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றான். சிலர் மைதானத்தின் பக்கமே திரும்பாது போகின்றனர். பதினாறு வயதுப் பிள்ளையின் ஒரு கணப் பிழைக்கு இத்துணை நீண்ட தண்டனையை எந்தச் சட்டமும் விதிக்காது.

ஆதலின், மாணவர்காள், தோல்வியுற்ற அணி கூடாரத்துக்குத் திரும்பும்போது, தவறவிட்டவனை முதலில் அணுகுங்கள். அவனுக்கு அருகில் இருங்கள். அடுத்த நாள் மாலை அவனைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய மாணவராகிய பெரியோர்காள், இந்த விழா ஆண்டில் ஒன்றுகூடுகையில், வாராதிருக்கும் பழைய ஆட்டக்காரர் எவரேனும் உளரா என எண்ணிப் பாருங்கள். உளராயின் அவர் வீட்டுப் படியேறி, பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அழைத்து வாருங்கள்.